கண்மாய் பெருகிய நாட்களில் ராமநாதபுரம்: கார்த்திகை முதல் மாசி வரை சுற்றிப் பார்க்க முழு வழிகாட்டி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று ஒரு மேலதிகாரி மிரட்டினால், அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம்தான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வந்தவர்கள் அதை உண்மை என்றே நம்பிவிட்டுப் போகிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகையில் கண்மாய் எனும் ஏரி பெருகி, மிஞ்சிய நீர் கலுங்கு வழியே மறுகால் பாய்கிற நாட்களில் இந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் நேரே ராமேசுவரம் போய், 22 தீர்த்தத்தில் நனைந்து, தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு அன்றிரவே ரயிலேறிவிடுகிறார்கள். வழிநெடுக இரண்டு பக்கமும் நீர் விரிந்து கிடந்ததையும், அந்த நீரில் ஆயிரக்கணக்கில் நாரைகள் நின்றதையும் அவர்கள் பார்ப்பதே இல்லை.

கண்மாய் பெருகி வெயில் ஏறும் வரையுள்ள நான்கு மாதங்களுக்கு இது ஏரிகளின் நாடு. அந்த நான்கு மாதங்களில் எங்கே போகலாம், எந்த வரிசையில் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை நான் வருஷா வருஷம் சுற்றித் தெரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நான்கு நாள் ஒதுக்கினால் நிறைவாகப் பார்க்கலாம். இரண்டே நாள்தான் கிடைக்கும் என்றால் கண்மாய்க்கு ஒன்று, தீவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழையைக் கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்

இந்த மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டிக் கரை போட்டார்கள். வைகையே கடலைத் தேடி ஓடுவதைவிட ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குவதுதான் அதிகம். கண்மாய் நிரம்பி மிஞ்சினால் மட்டுமே ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடும். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலோடு சேர மனமில்லாமல் வைகை உள்நாட்டிலேயே நின்றுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பறவைகள் வருவதும் இந்தத் தண்ணீரை நம்பித்தான். கண்மாய் நிறைந்தால் வரும், மீன் உண்டானால் கூடு கட்டும், தண்ணீர் நிற்கும் வரை குஞ்சு வளர்க்கும். மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் இதை விசாரிக்காமல் நண்பர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மேலச்செல்வனூர் போனேன். கண்மாய் முழுக்க வெடித்த களிமண். நடுவில் ஆடுகள் மேய்ந்தன. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எங்க இருந்து வர்றீக தம்பி?" என்றார். "மதுரைல இருந்து ஐயா, பறவை பாக்கலாம்னு." அவர் கண்மாயை ஒரு முறை பார்த்துவிட்டு, "அதுகளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேப்பா" என்றார். அன்றிலிருந்து கிளம்பும் முன் அந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றுக்குப் போன் போட்டு, "கண்மாய் பெருகிருச்சாண்ணே?" என்று கேட்காமல் நான் வண்டி எடுத்ததில்லை. உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாவிட்டால் ராமநாதபுரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள், சொல்வார்கள்.

மாதக் கணக்கு இது. ஐப்பசி வேண்டாம், அது அடைமழைக் காலம். கார்த்திகையில் பறவை வரத் தொடங்கும், ஆனால் புயலும் வரும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு நிற்கும், தனுஷ்கோடிச் சாலையையும் அடைப்பார்கள். மார்கழி பாதியிலிருந்து தை கடைசி வரைதான் நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், கூடுகளில் குஞ்சுகள் இருக்கும், வயலில் கதிர் முற்றி நிற்கும். மாசியில் கண்மாய் சுருங்கும். அப்போது விளிம்புச் சேற்றில் நடந்து இரை தேடுகிற பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம், தனுஷ்கோடியில் பூநாரையும் இருக்கும்.

எங்கே தங்குவது

ராமநாதபுரம் டவுனிலேயே தங்குங்கள், குறைந்தது இரண்டு இரவு. எல்லாரும் ராமேசுவரத்தில் அறை போட்டுவிட்டு அங்கிருந்து கண்மாய் பார்க்க வர நினைக்கிறார்கள். டவுனுக்கே 55 கிலோமீட்டர். விடிகாலைப் பறவையைப் பார்க்க நடுராத்திரியில் கிளம்ப வேண்டியிருக்கும். அதோடு மார்கழி, தை மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் சபரிமலை முடித்து ராமேசுவரம் வருவார்கள். தை அமாவாசை அன்று தீவில் கால் வைக்க இடம் இருக்காது. அறை வாடகையும் ஏறிவிடும்.

சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடிகாலையில் ராமநாதபுரத்தில் இறங்கலாம். மதுரையிலிருந்து பஸ் எந்த நேரமும் உண்டு. ஆனால் ஊருக்குள் சுற்ற வாடகைக் கார் அவசியம். டவுன் பஸ் எல்லா ஊருக்கும் போகும், பறவை எழும்பும் நேரத்துக்குப் போகாது. உள்ளூர் ஓட்டுநராகப் பாருங்கள். எந்தக் கரை ஈரம், எந்தக் கரையில் வண்டி ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தூரநோக்கி ஒன்று, 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். மங்கலான பச்சை, காக்கி நிறச் சட்டை. தொப்பி. கணுக்காலை மூடுகிற ஷூ, ஏனென்றால் கரைப் புதரில் பாம்பு உண்டு. குடிதண்ணீர் தாராளமாக. கொசு மருந்து. இங்கே இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான், ஆனாலும் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது சும்மா சொன்னதல்ல. விடிகாலையில் கரைமேல் நின்றால் பனி தலையில் சொட்டும். குழந்தைகளுக்கு மப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் வேண்டாம். பட்டாசு, பாட்டுப் பெட்டி எதுவும் வேண்டாம். கூட்டில் இருக்கிற தாய்ப்பறவை மிரண்டு பறந்தால், அந்த நேரத்தில் காகமும் பருந்தும் முட்டையை எடுத்துவிடும். இந்த ஒன்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

முதல் நாள்: சக்கரக்கோட்டையும் டவுனும்

டவுனை ஒட்டியே இருக்கிறது சக்கரக்கோட்டை கண்மாய். 2012-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2025-ல் இதுவும் நயினார்கோவில் பக்கத்துத் தேர்தங்கலும் சேர்ந்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தன. அதற்கு முன்பே, 2022-ல், சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அந்தப் பட்டியலில் வந்திருந்தன. உலகம் முழுவதும் காக்கப்பட வேண்டியவை என்று குறித்த ஈரநிலங்களில் நான்கு, தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய இந்த ஒரு மாவட்டத்துக் கண்மாய்கள்.

காலை 5.45-க்குக் கரையில் இருங்கள். இருட்டில் முதலில் சத்தம்தான் கேட்கும். கருவேல மரங்களுக்குள்ளிருந்து கரகரவென்று ஓயாத இரைச்சல் வரும். அது மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சுகள் பசிக்குக் கத்துவது. வளர்ந்த நாரை அநேகமாக ஊமை, அலகை அடித்து ஓசை எழுப்பும், அவ்வளவுதான். வெளுக்க வெளுக்க மரத்தின் உச்சியில் துணி காயப்போட்டது மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அந்த வெள்ளையின் வால்பக்கத்தில் ரோஸ் நிறம் பூசியிருப்பது புலப்படும். நீண்ட மஞ்சள் அலகு நுனியில் லேசாக வளைந்திருக்கும். முகத்தில் இறகில்லாமல் ஆரஞ்சுத் தோல். குஞ்சு மட்டும் அழுக்குப் பழுப்பு.

ஆறரை மணி போல ஒவ்வொன்றாக இறங்கி நீரில் நிற்கும். அங்கேதான் உங்கள் தூரநோக்கியைக் கொஞ்சம் நேரம் ஒரே பறவைமேல் வையுங்கள். அது மீனைப் பார்த்துக் கொத்துவதில்லை. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே மெல்ல நடக்கும். கலங்கிய நீரில் மீன் அலகில் பட்ட மாத்திரத்தில் படக்கென்று மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் அரிவாள் வீசுவது போல வீசிக்கொண்டு போகும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், பேருக்கேற்ப அது நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கிற சதையை எடுக்கத்தான். அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் இதே இடத்தில். கூழைக்கடா எழும்புவதைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு கனத்த உடம்பைத் தூக்க நீரின்மேல் சிறிது தூரம் ஓடித்தான் பறக்கும். மேலேறிவிட்டால் சிறகை அசைக்காமலே வட்டமடிக்கும்.

வடக்கிலிருந்து வருகிற வாத்துகளைப் பார்க்க ஆழமான நடுநீரைக் கவனியுங்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் கூட்டமாக மிதக்கும். சில வருஷம் பட்டைத்தலை வாத்தும் வரும். இமயத்தைத் தாண்டி வருகிற பறவை அது. நம் ஊர்க் கருவேல நிழலில் தூங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும்.

எட்டரைக்கு மேல் பறவை சோம்பிவிடும். டவுனுக்குத் திரும்பி டிபன் முடித்து ராமலிங்க விலாசம் போங்கள். சேதுபதிகளின் அரண்மனையில் கொலு மண்டபம் இருந்த பகுதி இது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். சுவர் முழுக்க 18-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்த ஓவியங்கள். அம்மனிடம் செங்கோல் வாங்குகிற சேதுபதி, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், தொப்பி போட்ட ஐரோப்பியர், ராமாயணக் காட்சிகள் என்று ஒரு மணி நேரம் போதாது. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஃபிளாஷ் அடிக்காதீர்கள், சாயம் பாழாகும்.

மாலை தேர்தங்கலுக்கு. சின்னக் கண்மாய்தான், அதனால் கரையிலிருந்தே எல்லாம் தெரியும். வயதானவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பொழுது சாயும்போது வயல் பக்கம் சூறைக்குருவிக் கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். ஆயிரக்கணக்கான குருவிகள் ஒரே புகைபோல் திரும்பும், கலையும், சேரும்.

இரண்டாம் நாள்: தெற்குக் கண்மாய்களும் உத்திரகோசமங்கையும்

விடிகாலை நாலரைக்குக் கிளம்பி முதுகுளத்தூர் பக்கம் காஞ்சிரங்குளம். 1989-ல் சரணாலயமான கண்மாய். இங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் சீமைக்கருவேல மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஊரே பேசுகிறது, நிலத்தடி நீருக்கு அது கேடு என்பதால் எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கூடிருக்கிற மரத்தை வெட்டுவதற்கு முன் நாட்டுக்கருவேலத்தை வளர்த்துவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் நாரை போய்விடும்.

அங்கிருந்து சித்திரங்குடி பக்கம்தான். இந்தச் சுற்று முழுக்கக் கரிசல் மண். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: முந்தின நாள் மழை பெய்திருந்தும் கரையோரம் வரை காரைக் கொண்டுபோனேன். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது, அதோடு சரி. கரிசல் மண் அப்பி டயரின் வரியே தெரியவில்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வேலிக் குச்சிகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, "அண்ணே, ரேஸ் பண்ணாதீக, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி வெளியே எடுத்துவிட ஒன்றரை மணி நேரமானது. மழை பெய்து இரண்டு நாள் ஆகாவிட்டால் தார்ச்சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.

பிறகு சாயல்குடி. தை மாதமாக இருந்தால் சாலையோரம் பனங்கிழங்குக் கட்டுகள் அடுக்கியிருப்பார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது கேட்டு வாங்குங்கள். தோலை உரித்து, நடுவில் பிளந்து, உள்ளே இருக்கிற குருத்தைத் தனியே எடுத்துவிட்டு, நாராக இழுத்து இழுத்துத்தான் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் பல்லிடுக்கில் நார். இனிப்பும் மண்வாசனையும் கலந்த அந்த ருசி இந்த ஒரு பருவத்துக்கு மட்டும்தான். ஓலைப்பெட்டி, கருப்பட்டி வாங்கவும் இதுதான் ஊர்.

மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் சரணாலயம் இங்கிருந்து பக்கம். 1998-ல் அறிவித்தது, 593 ஹெக்டேர், இந்த மாவட்டத்துக் கண்மாய்ச் சரணாலயங்களில் பெரியது. பரப்பு பெரிது என்பதால் பறவை தூரத்தில் இருக்கும். நல்ல மழை வருஷமாக இருந்தால் மட்டும் நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடலாம்.

மதியம் ஓய்ந்து, மாலை நான்கு மணிக்கு மேல் உத்திரகோசமங்கை. மங்களநாதர் கோயிலைப் பற்றி "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்பார்கள். மண் முதலில் தோன்றியதா, இந்த ஊர் முதலில் தோன்றியதா என்று கேட்கிற அளவுக்குப் பழமை. பிராகாரத்தில் இலந்தை மரம் உண்டு, அதுதான் தல விருட்சம். மற்ற சிவன் கோயில்களில் சேர்க்காத தாழம்பூ இங்கே சாத்துகிறார்கள்.

மார்கழித் திருவாதிரையை ஒட்டி உங்கள் பயணம் அமைந்தால் அது பெரிய பேறு. இங்கே ஆளுயர மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார். மத்தளம் முழங்கினால் மரகதம் அதிரும், அதனால்தான் காப்பு என்று சொல்கிறார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய நாள் சந்தனத்தைக் களைந்து அபிஷேகம் செய்வார்கள். மறுநாள் விடிவதற்குள் புதுச் சந்தனம் பூசிவிடுவார்கள். இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம்தான் பச்சைத் திருமேனி தெரியும். நான் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, சன்னதியில் கால் நிமிஷம் நின்றிருப்பேன். தீபம் உயர்ந்தபோது கல்லுக்குள்ளிருந்து பச்சை ஒளி எழுவது போலிருந்தது. களைந்த சந்தனத்தைச் சிறு பொட்டலமாகத் தருவார்கள். எங்கள் வீட்டுப் பூசை மாடத்தில் அது இன்னும் மணக்கிறது.

அந்த நாளில் போவதானால் காரை வெகு தூரத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். குழந்தைகள், நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் வேறொரு நாள் அமைதியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள்: காற்றைக் கேட்டுக் கடலுக்குப் போங்கள்

இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேசுவரத்துக்காரர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஏனென்றால் வடகடல் பொதுவாக அடங்கிக் கிடக்கும், தென்கடல் அலை வீசும். ஆனால் குளிர்காலத்தில் கதை மாறும். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பாக் நீரிணை கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா பக்கம் கரை மறைவில் அமைதியாக இருக்கும். வாடை பலமாக இருக்கிற நாளில் அரியமான் கடற்கரைக்குக் குளிக்கப் போவது வீண், கலங்கல் தண்ணீரும் காற்றில் பறக்கிற மணலும்தான் மிச்சம். அந்த நாளைத் தெற்குக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கரைப் பாதை இப்படி: முதலில் திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆதி ஜெகந்நாதப் பெருமாளையும், தர்ப்பைப் புல்மேல் படுத்த கோலத்தில் ராமனையும் சேவிக்கலாம். அங்கிருந்து கடலோரம் சேதுக்கரை. அமாவாசை தவிர மற்ற நாளில் ஆளரவமே இருக்காது. அடுத்து கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் ஊர், சங்கு குளித்தலுக்கும் கடல் வணிகத்துக்கும் பேர்போனது. இங்குள்ள ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பாருங்கள். கோயில் மண்டபம் எழுப்பிய அதே கைகள்தான் இதையும் செதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, தலையை மூடிப் போங்கள். கிளம்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கிற கறுத்த பண்டம். எண்ணெய் மினுமினுக்க இருக்கும்.

ஏர்வாடி தர்காவைப் பார்த்துவிட்டு வாலிநோக்கம் வரை போகலாம். உப்பளம் மழைக்காலத்தில் ஓய்ந்திருக்கும், தை பிறந்த பிறகு பாத்தி கட்டத் தொடங்குவார்கள். அந்தி வெயிலில் பாத்தி நீர் வானத்தை அப்படியே வாங்கி வைத்திருக்கும்.

நான்காம் நாள்: தீவு

மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் பார்த்துவிட்டுப் பாலம் ஏறுங்கள். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இடத்தை 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதியது எடுத்துக்கொண்டது. கப்பல் போக அதன் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேர்மேலே எழும்பும். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி இடைஞ்சல் செய்யாமல், முடிந்தால் ஒரு வழியாவது ரயிலில் போங்கள். ஜன்னலுக்குக் கீழே கடல் ஓடுவதை அங்கேதான் பார்க்க முடியும்.

பாம்பனில் இறங்கிக் குந்துகால். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து திரும்பி இந்திய மண்ணில் முதலில் கால் பதித்த கரை. பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவிடம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. கடல் இசைந்தால் வனத்துறைப் படகு போகும், முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிராகாரத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டுமானால் விடிகாலை ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கே போய்விடுங்கள். பேய்க்கரும்பில் கலாம் நினைவகத்துக்கு முக்கால் மணி நேரம் போதும்.

பகல் மூன்று மணிக்குள் தனுஷ்கோடிச் சாலையில் இருங்கள், மாலையில் சீக்கிரமே வெளியேறச் சொல்வார்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில் பூநாரை நிற்கும். அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டி உண்ணும் பறவை; கூட்டம் எழும்பினால் சிறகின் உட்புறச் சிவப்பு ஒரே நொடியில் விரியும். 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது, சுமார் 524 ஹெக்டேர். நீருக்குள் இறங்கி விரட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்தது இரை தின்னத்தான்.

பழைய தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் 1964 டிசம்பர் 22 இரவின் சாட்சிகள். அன்று பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் அலை கொண்டுபோனது. நீங்கள் நிற்கிற மணலுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அரிச்சல்முனையில் கடலில் இறங்க வேண்டாம், இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிற இடம். தை, மாசியில் இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, மாசி கடைசியிலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கேட்டால் பார்க்க விடுவார்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால்: வடக்குக் கரை

வாடை தணிந்த நாளாகப் பார்த்துத் தேவிபட்டினம் போங்கள். கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களை, நவபாஷாணத்தை, நடைபாதையில் நடந்துபோய் வணங்கலாம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் காரங்காடு. ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம். காலையிலேயே போங்கள், வெயில் ஏறக் காற்றும் ஏறும். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தியின் மூச்சு வேர்கள், மிதிக்காதீர்கள். திரும்பி வந்ததும் நண்டு ரசம் கிடைத்தால் கேட்டுச் சாப்பிடுங்கள். மிளகு தூக்கலாக, வாடைக் குளிருக்கு இதமாக இருக்கும்.

பிப்ரவரி முதல் வாரமாக இருந்தால் ஓரியூருக்கும் ஒரு நடை. போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்ட இடம். மண் சிவந்திருப்பது அவர் ரத்தத்தால் என்று நம்புகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, சுற்று வட்டார மக்கள் எல்லோரும் நேர்ச்சையோடு வருவார்கள்.

திரும்பும் வழியில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரையில் ஐந்து மணிக்கு நில்லுங்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர். ஒரு மூச்சில் நாரையால்கூடக் கடக்க முடியாத அகலம், 48 மடை. எதிர்க்கரை தெரியாது. மடையில் தண்ணீர் இரைந்து விழும், கரையடி வயலில் அறுப்பு நடக்கும், தலைக்கு மேலே கொக்குகள் வரிசை வரிசையாகக் கூடு திரும்பும். ராமநாதபுரத்தில் ரயில் இரவுதான். ஆறரை வரை அங்கேயே நின்றுவிட்டு வரலாம், நேரம் இருக்கிறது.